கப்ளிங் இடைவெளி

டொக், டொக் என்று எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது என்று லொயோலா பிறகு சொன்னான். துறைமுக வாயைக் கடந்ததிலிருந்தே கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. நான் எப்போதும் உட்காரும் இடத்தில்தான், எஞ்சினுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டின்னின் மேல் உட்கார்ந்திருந்தேன். காதுகளும் இருந்த இடத்தில்தான் இருந்தன. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகும் பாய்த்தோணி அது. பாய் போதாத நேரத்துக்கு எஞ்சின், அந்த எஞ்சினுக்கு நான் டிரைவர். எவரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, எஞ்சின் பக்கத்தில் கிடந்து கற்றுக்கொண்டதுதான், அதுவும் முக்கால்வாசி காதால். தோணியில் நான் உறங்கும்போது எஞ்சினின் குரல் கொஞ்சம் தாழ்ந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஏன் எழுந்தேன் என்பது எழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். "டிரைவர் உறங்குவாரு, அவரு காது உறங்காது" என்று தோணியின் தலைவரான தண்டல் காஸ்மீர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார், தான் வளர்த்த நாயைப் பற்றிச் சொல்வதுபோல. அந்தக் காதுதான் அன்று டொக் டொக்கைக் கேட்கவில்லை. நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டு மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரி பிரகாசியை அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசை முடித்துவிட்டு நான் ஏறிய முதல் பயணம் அது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் கீழே கட்டில், கட்டிலில் நாங்கள் இரண்டு பேர், அதற்கு மேல் நினைப்பு போகாமல் திரும்பவும் விசிறிக்கே வந்தது. அப்போதுதான் எஞ்சின் அலறியது. இழுக்க எதுவும் இல்லாத எஞ்சின் அலறும் அலறல். கை தானாகப் போய் நிறுத்தியது. நிறுத்திய பிறகு வந்த அமைதியில் வெங்காய வாடை மட்டும் இருந்தது.

பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்தேன். எஞ்சினின் கியர்பாக்ஸ் முனையில் ஒரு வட்டத் தட்டு, தண்ணீருக்குள் காத்தாடியைச் சுழற்றும் நீளச் சாஃப்டின் முனையில் இன்னொரு வட்டத் தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து போல்ட்டுப் போட்டு இறுக்கியிருப்பதுதான் கப்ளிங். போல்ட்டுகளில் ஒன்றுகூட இடத்தில் இல்லை. சில அறுந்து பள்ளத்து எண்ணெய்த் தண்ணீரில் கிடந்தன, மற்றவை கண்ணிலேயே படவில்லை. இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலம் இடைவெளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் விலகியது. எஞ்சின் நின்றுவிட்டது, ஆனால் சாஃப்ட் நிற்கவில்லை, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் தோணியை இழுத்துக்கொண்டு போவதால் அடியில் ஓடும் தண்ணீர் காத்தாடியைத் திருப்புகிறது, காத்தாடி சாஃப்டைத் திருப்பித் திருப்பித் தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது. இப்படியே விட்டால் சாஃப்ட் உருவிக்கொண்டு போய்விடும், அது இருந்த துளை வழியாகக் கடல் உள்ளே வரும். சாஃப்ட் வெளியேறும் இடத்தில் எப்போதும் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் இப்போது விரல் தடிமனில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவ்வளவையும் பார்த்தேன், எல்லாம் புரிந்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன், பேருந்துக்குக் காத்திருப்பதுபோல. வரவில்லை. சாஃப்ட் சுற்றுவதையே பார்த்தேன். எஞ்சின் நின்ற பிறகும் சுற்றுகிறது. அவள் போன அன்று மதியமும் விசிறி அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னவே ஆச்சு?" மேலே திறப்பில் காஸ்மீரின் தலை தெரிந்தது. கப்ளிங் விட்டுவிட்டது என்றேன். "ஒட்டுமா?" "ஒட்டும். பாயை இறக்கணும்." "என்னது?" "பாய் இழுக்கிற வரைக்கும் சாஃப்ட் நிக்காது தண்டலே. நின்னாத்தான் துளைக்குத் துளை சேரும்." அவர் தலை மறைந்தது, எதையோ பார்த்துவிட்டுத் திரும்ப வந்தது. "காத்து கரையப் பாத்து அடிக்குது. இடப்பக்கம் பார் கிடக்கு, அலை உடையிறது வெள்ளையாத் தெரியுது. பாயிருக்கக்கொண்டுதான் ஒதுங்கிப் போறோம். இறக்கினா நேரா அதுமேலதான் போய் உக்காரணும், தெரியும்லா உமக்கு?" தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்போம். சரக்கு ஏற்றிய தோணி அதில் ஒருமுறை தட்டினால் போதும், மறுமுறை தட்ட ஒன்றும் மிஞ்சாது. "நங்கூரம்?" என்றேன். "இங்க அடியில வழுக்குப் பாறை. நங்கூரம் போட்டா நம்ம கூடவே வரும், சொந்தக்காரன் மாதிரி." நான் விரல் தடிமன் ஒழுக்கைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். "உமக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" "இல்ல." "முடியுமாவே?" முடியும் என்று என் குரல் சொன்னது. "எல்லாத்தையும் எடுத்துவச்சிட்டுக் கூப்பிடும். கூப்பிட்ட பெறவு இறக்குவேன். இறக்கினா திருப்பி ஏத்த எனக்கும் நேரம் வேணும், அதையும் கணக்குல வச்சிக்கிடும்." கீழே லொயோலாவை அனுப்பினார். லொயோலா எங்கள் தோணியிலேயே பெரிய உடம்புக்காரன், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டவன், எஞ்சின் கிடக்கும் பள்ளத்துக்குள் அவன் இறங்குவது போத்தலுக்குள் தக்கை இறங்குவதுபோல இருக்கும். "அண்ணாச்சி, இதுக்குள்ள நான் செத்தா என்னை எடுக்கத் தோணியத்தான் உடைக்கணும்" என்றான். சொன்ன பிறகு செத்தா என்ற சொல்லுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தச் சொல் என்மேல் எங்கும் படவில்லை.

மாற்றுப் போல்ட்டுகளை எடுத்துக் கழிவுத்துணியில் வரிசையாக வைத்தேன். விரல்நுனிகள் எதையும் சரியாகச் சொல்லவில்லை. எஞ்சின் அதிர்விலேயே வயது கழிந்த கை, முன்பே கொஞ்சம் மரத்ததுதான், ஆனால் இந்த ஒரு மாதத்தில் அது யாரோ இரவல் கொடுத்த கைபோல ஆகியிருந்தது. நட்டு மரையில் ஏறுகிறதா வழுக்குகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஏன் விட்டது இந்தக் கப்ளிங் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. வந்ததும் பதிலும் வந்துவிட்டது. நெவிஸ். பிரகாசியின் தம்பி. எங்களில், சாவு விழுந்த வீட்டு ஆண் முப்பதாம் நாள் பூசை முடியும் வரை கடலுக்கும் போகமாட்டான், கடல் வேலையையும் தொடமாட்டான். அந்த மாதத்தில் தோணிக்குக் கியர்பாக்ஸ் வேலை வந்தது. "மச்சான் நீங்க வீட்ல இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று நெவிஸ் போனான். லாரிப் பட்டறையில் நல்ல கைகாரன். அக்காள் போன துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கப்ளிங்கில் கொண்டுபோய் வைத்திருப்பான், நாலு பக்கமும் அளந்து அளந்து சேர்த்திருப்பான். ஆனால் அப்போது தோணி காலியாகக் கிடந்தது. லாரிக்குப் பாரம் ஏற்றினாலும் இறக்கினாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் அதனதன் இடத்தில் இருக்கும். தோணி மரம். செங்கல் ஏறினால் நடு அமுங்கும், வால் கண்ணுக்குத் தெரியாத அளவு தூக்கும், அதோடு சாஃப்டும் சாயும். சரக்கு ஏறி ஓர் இரவு கிடந்து மரம் அடங்கிய பிறகுதான் கப்ளிங்கை இறுக்க வேண்டும். இதை நெவிஸுக்கு யார் சொல்லியிருப்பார்கள். பாவம், காலித் தோணிக்குத் துல்லியமாகச் சேர்த்துவிட்டான். நான் ஏறியபோது சரக்கும் ஏறியிருந்தது. இந்த ஒரு மாதம் எல்லாரும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள், சோறு கொண்டுவந்தார்கள், சட்டை துவைத்தார்கள், நான் ஒன்றையும் தொடவேண்டியிருக்கவில்லை, தொடவும் இல்லை. மின்விசிறியை மட்டும் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து.

"இறக்கும்" என்று கத்தினேன். மேலே பாய் சரியும் சத்தம், ஓடும் கால்கள், காஸ்மீரின் வசவு. சாஃப்ட் தயங்கித் தயங்கிச் சுற்றிக் கடைசியாகக் கால்வாசிச் சுற்று திரும்பி நின்றது. எதுவும் நிற்கும்போது இப்படித்தான் நிற்கும்போல. அவளுடைய மூச்சும் தயங்கியிருக்குமா, அல்லது சுவிட்சை அணைத்ததுபோலவா. கயிற்றைச் சாஃப்ட் தட்டின் துளைகளில் கோத்து எஞ்சின் மேடையோடு கட்டினேன், நடுவில் ஒரு கட்டையைச் செருகினேன், லொயோலா அதை முறுக்கினான். கயிறு முறுக்கேற முறுக்கேறச் சாஃப்ட் அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது. ஒழுக்கு மெலிந்தது. லொயோலாவின் வேர்வை என் கழுத்தில் விழுந்தது, சூடாக. இவன் இப்போது கையை விட்டால் என்ன, நான் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை, வழியில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன். "அண்ணாச்சி, கை இத்துப் போவுது, சட்டுனு செய்யுங்க" என்றான். இவனுடைய மகள் மாசமாக இருக்கிறாள், தோணி ஏறும்போது சொன்னான். செருப்பைத் தாண்டிப் போய்விட்டேன். துளையோடு துளை பொருந்தியது. நாலு போல்ட்டைச் செருகி விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, இடைவெளி பார்க்க வேண்டும். அப்படியே இறுக்கினால் திரும்ப அறுந்துவிடும், அப்போது பாரும் பக்கத்தில் இருக்கும். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள் பெட்டியில் இல்லை, எடுத்த நெவிஸ் திருப்பி வைக்கவில்லை. பழைய காலத்தில் நகக்கண்ணை வைத்தே பார்த்துவிடுவேன். வைத்துப் பார்த்தேன். நகம் ஒன்றும் சொல்லவில்லை. "மெல்லிசா தகடு மாதிரி ஏதாவது இருக்கா?" என்றேன். "என்கிட்ட இருக்கிறதுல எது அண்ணாச்சி மெல்லிசு?" என்றான் லொயோலா. சட்டைப் பையில் கை போனது.

பூசையன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் நினைவு அட்டை. மேலே மாதா படம், பின்னால் செபம், முன்னால் அவள், பிளாஸ்டிக் ஒட்டியது. பிரகாசி தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாருடைய கல்யாணத்திலோ வரிசையில் நின்ற படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்தார்கள், அதனால் அவள் தோளில் யாருடையதோ ஒரு கை இருக்கும், மோதிரம் போட்ட கை. யார் என்று தெரியவில்லை. அட்டையின் ஓரத்தைக் கப்ளிங்கின் கீழ்ப்பக்கம் செருகினேன். தாராளமாகப் போனது. வலப்பக்கம், இடப்பக்கம், உரசிக்கொண்டு போனது. மேல்பக்கம் போகவே இல்லை, வளைந்தது. நினைத்ததுதான், வால் தூக்கியிருக்கிறது, எஞ்சினின் பின்காலையும் அதற்குச் சரியாகத் தூக்க வேண்டும். பின்கால் நட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்து லொயோலாவை அதன்மேல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். எஞ்சின் எழுந்தது. "இந்தத் தொப்பைக்காக வீட்ல எத்தன பேச்சு வாங்கிருக்கேன் தெரியுமா அண்ணாச்சி" என்று மூச்சுவாங்கினான். எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரத் துண்டுகளைக் காலுக்கடியில் தள்ளினேன். எஞ்சினை இறக்கி அட்டையைச் செருகினேன். மேலே இன்னும் போகவில்லை. மறுபடியும் தூக்கி, இன்னொரு துண்டு. அப்போதுதான் ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. பலகை வழியாக வந்தது. உறுமல் என்று சொல்ல முடியாது, பெரிய சாக்கை யாரோ இழுத்து இழுத்துப் போடுவதுபோல. பாரில் அலை உடைகிறது. எவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்ததோ. "கேக்குதா?" என்றேன் லொயோலாவிடம். "எது?" "அலை." அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி." மேலே காஸ்மீர், "டிரைவரே, என்ன செய்யுதீரு? கல்லுல நண்டு ஓடுறது தெரியப் போவுது!" என்று கத்தினார். அட்டையை மேலே செருகினேன். போனது. கொஞ்சம் பிடித்து, உரசி, போனது. கீழே செருகினேன், அதே பிடி. வலம், அதே. இடம், அதே. ஒருமுறை போதும், நான் இரண்டாம் சுற்றும் செருகிப் பார்த்தேன், மேல், வலம், கீழ், இடம். அந்த உரசல் விரலில் தெரிந்தது. கண்ணால் பார்க்காமலே தெரிந்தது.

பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினேன், ஸ்பேனரில் தொங்கி இறுக்கினேன், கயிற்றை அறுத்தேன், எஞ்சினைக் கிளப்பினேன். கியர் போட்டதும் சாஃப்ட் திரும்பியது. அதிர்வு இல்லை. கப்ளிங் ஒரே துண்டாகச் சுற்றியது, இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை. தோணி ஒருகணம் யோசித்ததுபோல நின்று மூக்கைத் திருப்பியது. சாக்கு இழுக்கும் சத்தம் முன்னாலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து பின்னுக்கும் போனது, போகப் போகச் சிறுத்தது. மேலே யாரோ மாதாவே என்றார்கள். காஸ்மீர் திறப்பில் குனிந்து, "திரும்பிருவோமாவே கரைக்கு? நீர் சொன்னாத் திருப்பிருதேன்" என்றார். கப்ளிங்கைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். கரைக்குத் திரும்பினால் வீடு, வீட்டில் விசிறி. "ஓடும். போங்க" என்றேன். அட்டையைத் துடைத்துப் பார்த்தேன். கிரீஸ் போனது, ஓரங்களில் பிளாஸ்டிக் பிய்ந்து, அவள் நெற்றிவரை ஒரு கீறல் ஏறியிருந்தது. தோளில் இருந்த மோதிரக் கையை மட்டும் என் கட்டைவிரல் அடையாளம் மறைத்திருந்தது. பையில் வைத்தேன். "கொஞ்சம் கிடங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று லொயோலா டின்னின் மேல் உட்கார்ந்தான், டின் அமுங்கியது. சாக்குகளின் மேல் படுத்தேன். எஞ்சின் ஒரே குரலில் ஓடியது. இத்தனை நாளும் போகாத இடத்துக்கு நினைப்பு தானாகப் போனது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அவள் சுவர்ப் பக்கம், நான் வாசல் பக்கம். விசிறி சுற்றியது. அவளுக்கு மூச்சு எப்போதும் கொஞ்சம் கரகரக்கும். நான் எழுந்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது, அவள் உறங்குகிறாள் என்று நானே போய்த் தேநீர் போட்டேன், இரண்டு கிளாஸ், அவளுடையதைத் தட்டால் மூடி வைத்தேன். என்னுடையதைக் குடித்து முடித்தேன். முழுதாகக் குடித்து முடித்தேன். திறந்து பார்த்தபோது அவளுடையதில் ஆடை படிந்திருந்தது. எந்த நேரத்தில் அந்தக் கரகரப்பு நின்றதோ அந்த நேரத்தில் நான் ஒரு முழம் தள்ளி உறங்கிக்கொண்டிருந்தேன், எஞ்சின் குரல் தாழ்ந்தாலே எழுந்துவிடுகிறவன். நின்றது எனக்குக் கேட்கவில்லை. நின்றது எனக்கு. நினைப்பு இந்த இடத்துக்கு வந்தபோது நான் உறங்கிப்போயிருக்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கை எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில் இருந்தது. எப்படி அங்கே போனது என்று தெரியாது. எஞ்சினின் குரல் தாழ்ந்திருந்தது. "என்னது, ஏன் இறங்குது?" என்று கத்தினேன். லொயோலா டின்னிலிருந்து விழப்பார்த்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நான்தான் குறைச்சேன். முன்னால வலை மிதக்குன்னு தண்டல் சொன்னாரு, அதான் லேசாக் குறைச்சேன். லேசாத்தான்." மேலேயிருந்து காஸ்மீர், "எழும்பிட்டாராலே?" என்று கேட்டார். "எழும்பிட்டாரு!" காஸ்மீர் சிரித்தார், மேலே நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள், தப்பித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. லொயோலா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னான், "என்னா காது அண்ணாச்சி உங்களுக்கு. ஒண்ணு தப்புமா அதுல." அவன் நல்லதாகத்தான் சொன்னான். நான் நெம்புகோலிலிருந்து கையை எடுக்காமல் இருந்தேன். தப்பாது. அப்படியானால் அன்று. அப்போதுதான், அத்தனை நாளும் எட்டாமல் இருந்த ஒன்று வந்தது. கல்யாணமான புதிதில் நான் வீட்டிலும் இப்படித்தான் எழுந்து உட்காருவேன். கிணற்று உருளை சத்தம், தெருவில் சைக்கிள் செயின் கழன்ற சத்தம், அவள் புரண்டு படுத்து மூச்சு மாறினால்கூட எழுந்து இருட்டில் நெம்புகோலைத் தேடுவேன். அவளும் கூடவே எழுந்துவிடுவாள். சிரிக்கமாட்டாள். என்னைத் திருப்பிப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காதின்மீது தன் உள்ளங்கையை வைத்து மூடுவாள். மீன் கழுவிய கை, சோப்புப் போட்டும் போகாத வாடை. அப்படி எத்தனை வருடம் மூடினாளோ தெரியாது, ஒருநாள் நான் எழாமல் விடியும் வரை உறங்கினேன், பிறகு வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் எழுந்ததே இல்லை. நெம்புகோலிலிருந்து கையை எடுத்து அந்தக் காதின்மேல் வைத்தேன். கை சூடாக இருந்தது, காது சூடாக இருந்தது, இரண்டும் எனக்குத் தெரிந்தன. எஞ்சின் கையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. "இது தோணி இல்ல" என்பாள். "வீடு. நான் முழிச்சிருக்கேன், நீங்க உறங்குங்க."